எல்.ஐ.சி. கட்டடம்: அரசாங்கம் கட்டியதா, அரசாங்கத்துக்கு வந்து சேர்ந்ததா?

கேள்வி (ஜூன் 3)

"இந்தியாவின் முதல் அரசு வானளாவிக் கட்டடம் நம்ம மவுண்ட் ரோடு எல்.ஐ.சி.தான். நேரு காலத்து அரசாங்கம் தன் கொள்கையையே கான்கிரீட்டில் கட்டிக் காட்டியது. இதை ஏன் யாரும் பெருமையாகச் சொல்வதில்லை? அப்புறம் அது 14 மாடியா, 15 மாடியா? வீட்டில் சண்டை."

ஜூன் 3, இரவு 10.40

வீட்டுச் சண்டையை முதலில் தீர்த்துவிடலாம். தரைத்தளத்தையும் சேர்த்து எண்ணினால் 15. நம் ஊர் வழக்கப்படி தரையை விட்டுவிட்டு எண்ணினால் 14. ஊர் வாயில் நின்றுபோனது 'பதினாலு மாடி'தான். உயரம் 177 அடி. இரண்டு பேரும் ஜெயித்தீர்கள்.

ஆனால் 'அரசாங்கம் கட்டிக் காட்டியது' என்பது சரியில்லை. அந்தக் கட்டடத்தை நினைத்தது, ஆரம்பித்தது எல்லாம் தனியார். யுனைடெட் இந்தியா ஆயுள் காப்பீட்டுக் கம்பெனிக்குத் தலைமையகமாக எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் போட்ட திட்டம் அது. 1937-ல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியவரும் அவர்தான். லண்டனிலிருந்து பிரவுன், மவுலின் என்று இரண்டு கட்டடக் கலைஞர்களை அமர்த்தி, 18 மாடி போடுவதாகத்தான் முதல் யோசனை. 1953-ல் வேலை ஆரம்பம். 1954 மார்ச்சில் சிங்கப்பூர் காலாங் விமான நிலையத்தில் நடந்த விபத்தில் செட்டியார் இறந்துபோனார். 1956-ல் ஆயுள் காப்பீட்டுத் தொழிலையே அரசு எடுத்துக்கொண்டது. செப்டம்பர் 1-ல் எல்.ஐ.சி. பிறந்தது. கட்டி முடியாத கட்டடமும் அதன் கணக்கில் வந்து விழுந்தது. 1957-ல் லண்டன்காரர்கள் விலக, சென்னையிலேயே தொழில் நடத்திய எல்.எம். சித்தலே பொறுப்பேற்று முடித்துக்கொடுத்தார். 1959 ஆகஸ்ட் 23-ல் திறப்பு.

ஆக, நிச்சயம் பண்ணியது ஒருத்தர், கல்யாண மேடையில் உட்கார்ந்தது இன்னொருத்தர்.

ஜூன் 4, காலை

ஸ்டேடியத்துச் சிதம்பரமா இவர் என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. சேப்பாக்கம் ஸ்டேடியத்தில் பெயர் இருக்கிறதே, அந்தச் சிதம்பரம் வேறு. அவர் எம்.ஏ. சிதம்பரம், ராஜா அண்ணாமலை செட்டியாரின் மகன். இவர் எம்.சிடி.எம். நிதியமைச்சராக இருந்த சிதம்பரம் மூன்றாவது ஆள். மூன்று பேருமே நகரத்தார், மூன்று பேருக்கும் பணத்தோடு சம்பந்தம் உண்டு. குழம்புவது உங்கள் தப்பில்லை.

ஜூன் 5, மதியம்

"தனியார் ஆரம்பித்தால் என்ன, முடித்தது அரசுதானே, இதில் என்ன பெரிய வித்தியாசம்" என்று கேட்டிருக்கிறீர்கள். வித்தியாசம் அதன் உயரத்திலேயே இருக்கிறது.

அதே ஆண்டுகளில் அரசாங்கங்கள் கட்டியதைப் பாருங்கள். பெங்களூரு விதான சௌதா 1956-ல் முடிந்தது: கருங்கல், தூண்கள், மேலே குவிமாடம், அகலவாக்கில் விரிந்து கிடக்கிறது. சண்டிகர் தலைமைச் செயலகம் லே கார்பூசியே என்ற பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் போட்டது. எட்டு பத்து மாடி இருந்தாலும் அது நிற்கிற கட்டடம் இல்லை. நீளம் 254 மீட்டர், உயரம் 42 மீட்டர். படுக்க வைத்த கட்டடம். அரசாங்கத்துக்கு நிலத்துக்குப் பஞ்சமில்லை. எதிரே மைதானம், நடுவே படிக்கட்டு, ஏறி வருகிற மனுவுக்கு மூச்சு வாங்க வேண்டும். அதுதான் அரசுக் கட்டடத்தின் தோரணை. மேலே போக வேண்டிய அவசியம் அதற்குக் கிடையாது.

மேலே போவது யார்? மனை விலை உயர்ந்த சாலையில் அளவான இடம் வாங்கிவிட்டு, ஊர் முழுக்கத் தன்னைப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிற கம்பெனி. அதிலும் காப்பீட்டுக் கம்பெனி. இது சும்மா சொல்வதில்லை. வானளாவிகளின் வரலாற்றில் முதல் கட்டடம் என்று பலரும் சொல்கிற சிகாகோ ஹோம் இன்சூரன்ஸ் கட்டடம் (1885) பெயரிலேயே காப்பீடு இருக்கிறது. அதற்கும் முன்னால் 1870-ல் நியூயார்க்கில் ஆள் ஏறும் லிஃப்ட் வைத்து அலுவலகம் கட்டியது ஈக்விட்டபிள் ஆயுள் காப்பீட்டுக் கம்பெனி. 1909-ல் உலகத்திலேயே உயரமான கட்டடம் மெட்ரோபாலிட்டன் லைஃப் கோபுரம். உல்வொர்த் கட்டடம் 1913-ல் வந்து தாண்டும்வரை அதுதான்.

காரணம் எளிது. மற்ற வியாபாரிகள் சாமானைக் கொடுத்துக் காசு வாங்குவார்கள். இவர்கள் இன்று காசு வாங்கிக்கொண்டு, இருபது முப்பது வருஷம் கழித்துத் தருகிறோம் என்று காகிதம் கொடுப்பார்கள். அதுவரை கம்பெனி இருக்குமா என்பதுதான் வாங்குகிறவன் மனசில் ஓடுகிற ஒரே கேள்வி. அதற்குக் கட்டடத்தைக் காட்டுவதை விட நல்ல பதில் கிடையாது. தவிர, கையில் வந்த பிரீமியத்தை நீண்ட காலத்துக்கு எங்காவது போட்டு வைத்தே ஆக வேண்டும். மனையும் கட்டடமும் அதற்கு வாகானவை.

ஜூன் 5, இரவு

மேலே எழுதியதோடு ஒன்று. என் பெரியப்பா எல்.ஐ.சி. ஏஜென்டாக இருந்தார். மானாமதுரைப் பக்கம் கிராமம் கிராமமாகச் சைக்கிளில் போவார். பைக்குள் பிரீமிய அட்டவணை, வெற்றிலைப் பெட்டி, அந்தக் கட்டடம் போட்ட ஒரு பழைய காலண்டர் தாள், நான்காக மடித்தது. மடிப்பில் கிழிந்து பின்பக்கம் பேப்பர் ஒட்டியிருக்கும். ஒரு தடவை நானும் கூடப் போயிருந்தேன். திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவர், "ஏங்க, நாளைக்குக் கம்பெனி ஓடிப்போச்சுன்னா நான் யாரைப் போய்க் கேக்குறது?" என்றார். பெரியப்பா தாளை விரித்தார். "பதினாலு மாடியைத் தூக்கிக்கிட்டு எங்கய்யா ஓடுறது?"

பாலிசி ஆயிற்று. பெரியவர் கேட்டது வெறும் பயம் இல்லை. 1956-க்கு முன்னால் திவாலான காப்பீட்டுக் கம்பெனிகள் நிறைய. அரசு எடுத்துக்கொண்டதற்குச் சொன்ன காரணங்களில் அதுவும் ஒன்று.

ஜூன் 6

சினிமாவில் ஊரிலிருந்து வருகிறவன் சென்ட்ரலில் இறங்கியதும் அடுத்த காட்சி எல்.ஐ.சி.தான் என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். உண்மை. நடுவில் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது, அதைக் கதாநாயகன் எப்படிக் கடந்தான் என்று யாரும் கேட்டதில்லை.

ஜூன் 7, ஞாயிறு

கட்டுமானம் பற்றிக் கேட்டவருக்கு. நான் ஓவர்சியராக வேலை பார்த்தவன், கொஞ்சம் நீளும்.

அந்தக் கட்டடம் வருவதற்கு முன் சென்னையில் பெரிய கட்டடம் என்றால் செங்கல்லும் சுண்ணாம்பும்தான். 1913-ல் திறந்த ரிப்பன் மாளிகையைப் பாருங்கள்: சுவர்தான் கட்டடத்தைத் தாங்குகிறது. மேலே ஒவ்வொரு மாடி ஏறும்போதும் அடிச்சுவர் இன்னும் பருமனாக வேண்டும். இதற்கு எல்லை உண்டு. சிகாகோவில் மொனாட்நாக் என்று 16 மாடிக் கட்டடம் 1891-ல் செங்கல்லிலேயே எழுப்பினார்கள். தரையில் அதன் சுவர்க் கனம் 6 அடி. விலை உயர்ந்த மனையில் 6 அடி சுவருக்கே போய்விட்டால் வாடகைக்கு விட என்ன மிஞ்சும்?

கம்பி கட்டிக் கான்கிரீட் ஊற்றித் தூண் எழுப்பினால் கதை மாறிவிடுகிறது. எடையைத் தூணும் உத்தரமும் வாங்கிக்கொள்ளும், சுவர் வெறும் மறைப்பு. அதனால்தான் எல்.ஐ.சி. அப்படி மெலிந்து உயர முடிந்தது. கட்டியது கோரமண்டல் இன்ஜினியரிங் கம்பெனி. இந்த ஊர் சுண்ணாம்பிலிருந்து கான்கிரீட்டுக்குத் தாண்டிய இடம் என்று இந்தக் கட்டடத்தைச் சொல்வது மிகை இல்லை.

தாண்டியதில் போனது என்ன என்பதும் எனக்குத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் திருவல்லிக்கேணியில் ஒரு பழைய வீட்டை இடிக்க அனுப்பினார்கள். மெட்ராஸ் டெரஸ் தளம். தேக்கு உத்தரங்களின் மேல் செங்கல்லைக் குத்தாக, மூலைவாட்டில் வைத்துச் சுண்ணாம்புக் காரையில் ஒட்டியிருப்பார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் தெளித்துத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். கட்டை எகிறித் திரும்புகிற மட்டும் தட்ட வேண்டும். அதற்கு மேலே தட்டை ஓடு பதிப்பார்கள். அன்று கடப்பாரை உள்ளே இறங்கவில்லை. மேஸ்திரி கை வலித்துப்போய், "இதைக் கட்டினவன் இடிக்கிறவனை நினைச்சுப் பாக்கவே இல்லை சார்" என்றார்.

ஆனால் அந்தத் தளத்தை வைத்துப் பதினாலு மாடி ஏற்ற முடியாது. அவ்வளவுதான் விஷயம். எனக்கு அதன்மேல் ஆசை உண்டு, அதற்காக அது செய்யாததைச் செய்யும் என்று சொல்ல மாட்டேன்.

ஜூன் 8

"ஐ.நா. தலைமையகத்தைக் காப்பியடித்தது" என்று ஒரு வரியில் முடித்திருக்கிறார் ஒருவர். அந்தச் சாயல் உண்டு, யாரும் மறுக்கவில்லை. நியூயார்க் செயலகம் 39 மாடி, மெல்லிய பலகை வடிவம், 72 அடிதான் கனம். இரு முனைச் சுவர்களும் ஜன்னல் இல்லாத பளிங்கு, அகலப் பக்கம் முழுக்க பச்சைக் கண்ணாடி. 1950-களில் எந்த ஊரில் யார் நவீன அலுவலகம் கட்ட நினைத்தாலும் கண் முன்னால் நின்றது அந்த வடிவம்தான். அதில் சென்னைக்கு மட்டும் காப்பி என்று பெயர் வைப்பானேன்?

எனக்குப் பிடித்த சேதி வேறு. அந்த நியூயார்க் கட்டடத்துக்கு வெளியே வெயில் தடுப்பு வைத்தே ஆக வேண்டும் என்று லே கார்பூசியே மன்றாடினார். திட்டத் தலைவர் ஹாரிசன் கேட்கவில்லை. வெப்பம் உறிஞ்சும் கண்ணாடியையும் ஏ.சி.யையும் நம்பினார். கார்பூசியே தன் வெயில் தடுப்பைச் சண்டிகரில் கொண்டுவந்து செயலகத்தின் முகம் முழுக்கப் பதித்தார். அதாவது, அமெரிக்காவில் தோற்ற வாதம் பஞ்சாப் வெயிலில் ஜெயித்தது. நம் ஊர்க் கொத்தனாருக்கு இதில் ஒன்றும் புதிதில்லை. ஜன்னல் என்றால் மேலே சன்ஷேட் என்பது அவருக்குப் பாலபாடம்.

ஜூன் 8, மறுபடி

இந்தியாவிலேயே உயரமா என்றால், ஆமாம், திறந்தபோது. 1961-ல் பம்பாயில் உஷா கிரண் வந்து தாண்டிவிட்டது. அது குடியிருப்புக் கட்டடம். இரண்டு வருஷப் பட்டம்தான் நமக்கு. சென்னைக்குள் மட்டும் அந்தப் பட்டம் பல பத்தாண்டுகள் கைமாறவில்லை.

ஜூன் 10, இரவு

ஜூன் 5-ல் எழுதியதைத் திரும்பப் படித்தேன். அரசாங்கத்தை வெறும் வாரிசு மாதிரி ஓரமாக உட்கார வைத்துவிட்டேன் போலிருக்கிறது. இன்னொரு பக்கமும் உண்டு.

எடுத்துக்கொண்ட கட்டடத்தைப் பாதியில் நிறுத்தியிருக்கலாம். ஆறு மாடியோடு மூடி, புதிதாகச் சுதந்திரம் பெற்ற நாட்டில் இதெல்லாம் ஆடம்பரம் என்று அறிக்கை விட்டிருக்கலாம். அந்தக் காலத்தில் அப்படிச் சொன்னால் கைதட்டல்கூடக் கிடைத்திருக்கும். செய்யவில்லை. சுமார் 87 லட்ச ரூபாயில் முடித்தார்கள்.

அதுவும் எந்த நேரத்தில்? எல்.ஐ.சி. பிறந்த அடுத்த வருஷமே முந்த்ரா விவகாரம் வெடித்தது. ஹரிதாஸ் முந்த்ரா என்ற தொழிலதிபரின் கம்பெனிப் பங்குகளை எல்.ஐ.சி. பணத்தில் ஒன்றேகால் கோடி ரூபாய் அளவுக்கு வாங்கிவிட்டார்கள் என்று ஃபெரோஸ் காந்தி நாடாளுமன்றத்தில் கிழித்தார். மாமனார்தான் பிரதமர் என்று பார்க்கவில்லை. நீதிபதி சாக்ளா நடத்திய விசாரணை பொதுமக்கள் முன்னால் நடந்தது. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி ராஜினாமா செய்தார். நம் ஊர்க்காரர். அவர் பதவியில் இருந்திருந்தால் 1959-ல் மவுண்ட் ரோட்டில் அவரே வந்து திறந்து வைத்திருப்பார் என்று நினைக்கத் தோன்றுகிறது. திறந்து வைத்தது அவருக்குப் பின் நிதியமைச்சரான மொரார்ஜி தேசாய்.

கணக்குப் பாருங்கள். பங்குக்குப் போன பணத்தில் இந்தக் கட்டடத்தைக் கட்டி முடித்துச் சில்லறையும் மீதி வாங்கியிருக்கலாம். பங்கின் கதையை வரலாறு படித்தவர்கள் சொல்வார்கள். கட்டடத்தைத் தினமும் பஸ்ஸிலிருந்து எல்லாரும் பார்க்கிறார்கள். எல்.ஐ.சி. மேல் ஜனங்களுக்கு நம்பிக்கை ஒட்டிக்கொண்டதில் எதற்குப் பங்கு அதிகம் என்று என் பெரியப்பாவைக் கேட்டால் யோசிக்காமல் பதில் சொல்லியிருப்பார்.

அதனால் இப்படித் திருத்திக்கொள்கிறேன்: உயரம் கம்பெனியுடையது, அதை நம்ப வைத்தது அரசு முத்திரை. ஒன்றில்லாமல் மற்றது இந்த அளவுக்கு வேலை செய்திருக்காது.

ஜூன் 11

தீ விபத்துகளைப் பற்றிக் கேட்டவருக்கு. 1975 ஜூலை 11-ல் பெரியது. அதற்குப் பிறகு கட்டடத்தைச் சீரமைத்தார்கள். 2023 ஏப்ரல் 2, ஞாயிற்றுக்கிழமை மாலை, உச்சியில் இருந்த பெயர்ப் பலகையில் தீ. அணைத்துவிட்டார்கள், உயிர்ச்சேதம் இல்லை. இரண்டையும் சேர்த்துக் குழப்பி வாட்ஸாப்பில் ஒரு படம் சுற்றுகிறது, நம்பாதீர்கள்.

பொதுவாக ஒன்று சொல்லலாம். உயரக் கட்டடத்தில் தீயை விடப் புகைதான் ஆளைக் கொல்லும். லிஃப்ட் குழியும், கதவு போடாத மாடிப்படியும், ஏ.சி. குழாயும் புகையை நேரே மேல் மாடிக்கு ஏற்றிவிடும். கீழே இரண்டாவது மாடியில் எரியும், மேலே மூச்சுத் திணறும். இன்றைக்குப் படிக்கட்டுக்குத் தானாகச் சாத்திக்கொள்ளும் கதவு வைக்கச் சொல்வது இதற்காகத்தான். நான் சோதனைக்குப் போன கட்டடங்களில் அந்தக் கதவுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்துத் திறந்து வைத்திருப்பார்கள், காற்று வரட்டும் என்று. சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்ததுதான் மிச்சம்.

ஜூன் 12

மெட்ரோ ஸ்டேஷன் பெயரைப் பற்றிய சண்டைக்கு நான் வரவில்லை. 2019 பிப்ரவரியில் அந்தத் தடம் திறந்தபோது 'எல்.ஐ.சி.' என்றே பெயர் வைத்தார்கள். பஸ் கண்டக்டர்கள் எப்போதோ வைத்ததை மெட்ரோ ஏற்றுக்கொண்டது.

ஜூன் 14

"அரசு கையில் போனதால்தான் இந்தக் கட்டடம் பிழைத்தது, தனியார் என்றால் என்றைக்கோ இடித்து மால் கட்டியிருப்பான்" என்கிறார் ஒருவர். இதற்குப் பதில் அதே சாலையில் நிற்கிறது. ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு முனை வரை நடந்து போங்கள்.

பாரத் இன்சூரன்ஸ் கட்டடம். 1897-ல் டபிள்யூ.இ. ஸ்மித் என்ற மருந்து வியாபாரிக்காகக் கட்டியது. இந்தோ-சாரசெனிக் பாணி, சிவப்புச் செங்கல், வளைவுகள், மேலே கோபுரங்கள். பிறகு பாரத் காப்பீட்டுக் கம்பெனி வாங்கியது. 1956-ல் அந்தக் கம்பெனியும் எல்.ஐ.சி.க்குள் போயிற்று, கட்டடமும் கூடவே போயிற்று. ஒரே சட்டம், ஒரே சாலை, இரண்டு சொத்து. ஒன்றுக்கு விளக்குப் போட்டார்கள். இன்னொன்று ஒழுகிச் சிதிலமாகி, 2006-ல் இடிக்கவே ஆரம்பித்துவிட்டார்கள். பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கப் பாடுபடும் இன்டாக் அமைப்பு உயர் நீதிமன்றத்துக்குப் போய்த் தடை வாங்கியது. 2010-ல் தீர்ப்பு காப்பாற்றச் சொல்லித்தான் வந்தது. நான் கடைசியாக அந்தப் பக்கம் போனபோது சுவர் இடுக்கில் ஆலங்கன்று விரல் பருமனுக்கு வேர் விட்டிருந்தது. சுண்ணாம்புக் காரைக்குள் ஆல வேர் போய்விட்டால் மேலே வெட்டிப் பிரயோஜனமில்லை; வேரோடு எடுக்க வேண்டும், எடுத்தால் கூடவே செங்கல்லும் வரும்.

ஆக, அரசு கையா தனியார் கையா என்பது கட்டடத்தைக் காப்பாற்றுவதில்லை. உச்சியில் பெயரைப் போட்டுக்கொள்ளத் தோதாக இருந்தது பிழைத்தது.

ஜூன் 14, சற்றுப் பிறகு

கடைசி வரி கடுமை என்று தனிச்செய்தி வந்திருக்கிறது. இருக்கட்டும். பழைய கட்டடத்துக்கு மராமத்துச் செலவு அதிகம், சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் குறைவு, உள்ளே வாடகைதாரர்கள், வழக்கு என்று அவர்கள் பக்கம் சொல்வதற்கும் இருக்கிறது. இதில் கொத்தனார் பஞ்சம் எனக்கு நேரடியாகத் தெரியும். செட்டிநாட்டுப் பக்கம் தேடினால் இன்னும் கிடைப்பார்கள். கூலி அதிகம், அவசரப்படுத்த முடியாது.

ஜூன் 16

கேள்வி கேட்டவர், வீட்டில் இப்போது 'அரசுக் கட்டடமா இல்லையா' என்று புதுச் சண்டை என்கிறார். பத்திரப்படி அரசு நிறுவனத்துடையது, வரைபடப்படி செட்டியாருடையது, முடித்த கை சித்தலேயுடையது. மூன்று பேர் மூன்று பக்கம் நின்று வாதாடலாம்.

பாரத் கட்டடத்தைப் பற்றிப் பேச நிறைய பேர் வந்துவிட்டீர்கள். அதற்குத் தனியாக இழை தொடங்குங்கள். 2006-க்கு முன் எடுத்த புகைப்படம் யாரிடமாவது இருந்தால் அங்கே போடுங்கள், முக்கியமாக உள் முற்றமும் மாடிப்படியும்.